நாலு மணிக்கே கல்லூரி விட்டுவிடுகிறது, ஆனாலும் நேரம் போதவில்லை

வாசகர் கேள்வி:

ஐயா, நான் உளுந்தூர்பேட்டைப் பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் ஆறரை வருடம் சி.என்.சி. (கணினி இயக்கும் மெஷின்) லைனில் வேலை பார்த்தேன். கடைசியாக வாங்கிய சம்பளம் 22,000. தங்கை கல்யாணம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு சேர்ந்திருக்கிறேன். வயது 26. கூடப் படிப்பவர்களுக்கு 19, 20 வயது. என்னை அண்ணா என்று கூப்பிடுகிறார்கள். ஓ.டி.யோடு சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவன் நான். இங்கே நாலேகாலுக்கே கல்லூரி விட்டுவிடுகிறது. ஆனாலும் எதற்கும் நேரம் போதவில்லை. சனி, ஞாயிறு விழுப்புரத்தில் ஒரு பட்டறைக்குப் போகிறேன், நாளுக்கு 700 ரூபாய். பல திங்கட்கிழமைகளில் வகுப்புக்குப் போக முடிவதில்லை. ரெக்கார்ட், அசைன்மென்ட் எல்லாம் ஒழுங்காக எழுதிவிடுகிறேன். ஆனால் முதல் இன்டர்னலில் கணக்கில் 100க்கு 19. மற்ற பாடங்களில் 50ஐ ஒட்டி வருகிறது. புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுகிறேன். அம்மா, “சீக்கிரமே வந்துடுறியே, இதைக் கொஞ்சம் பாரு” என்று எல்லா வேலையையும் என்னிடம் சொல்கிறார். பழைய லைன் லீடர் திரும்பி வரச் சொல்லி அடிக்கடி போன் செய்கிறார். நேரத்தை எப்படிச் சமாளிப்பது? வேலையை விட்டது தப்பா?

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு 168 மணி நேரம். காலை ஏழரைக்குக் கிளம்பி, மாலை ஐந்தரைக்கு வீடு திரும்புவதாக வைத்துக்கொண்டேன். பஸ்ஸையும் சேர்த்து நாளுக்குப் பத்து மணி நேரம், ஐந்து நாளைக்கு 50. தூக்கம் ஏழு மணி நேரம் என்றால் 49. பட்டறை இரண்டு நாளும் சேர்ந்து 20. குளியல், சாப்பாடு, துணி துவைப்பது, வீட்டு வேலை என்று நாளுக்கு மூன்று மணி நேரம் போட்டால் 21. மொத்தம் 140. மீதி 28 மணி நேரம் இருக்கிறது.

அதற்காக நீங்கள் சொல்வது பொய் என்று நான் நினைக்கவில்லை. அந்த 28 மணி நேரம் உங்கள் கையில் முழு நோட்டாக இல்லை, சில்லறையாகக் கிடக்கிறது. வீட்டுக்கு வந்து டீ குடித்த பிறகு இருபது நிமிடம், கேஸ் புக் செய்து முடித்ததும் அரை மணி நேரம், சாப்பிட்ட பிறகு போனோடு ஒரு மணி நேரம். சில்லறை எப்படிச் செலவாகிறது என்று யாருக்குமே தெரிவதில்லை.

நான் இருபது வருடத்துக்கு மேலாகப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறேன். அதில் பல வருடம் லேட்டரல் என்ட்ரி மாணவர்களுக்குப் பொறுப்பாசிரியராக இருந்திருக்கிறேன். வேலைக்குப் போய்விட்டு வந்த பிள்ளைகள் எல்லாரும் முதல் செமஸ்டரில் இதையேதான் சொல்வார்கள்: “சார், கம்பெனியில் இதைவிட அதிகமா உழைச்சேன், இங்கே ஏன் முடியல?” உழைப்பு குறைந்துபோனதுதான் காரணம் என்று அவர்களே முடிவு செய்து தங்களைத் திட்டிக்கொள்வார்கள். அது சரியில்லை.

கம்பெனியில் உங்கள் நேரத்தை நீங்கள் சமாளிக்கவே இல்லை. அதை வேறொருவர் உங்களுக்காகச் செய்து கொடுத்தார். கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு, ஷிப்ட் எத்தனை மணிக்கு, டீ எப்போது, இன்று எத்தனை பீஸ், எந்த டிராயிங், எந்த மெஷின், யாரிடம் ஒப்படைப்பது என்று எல்லாமே எழுதித் தயாராக இருந்தது. போனைக்கூட வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருப்பீர்கள். நீங்கள் கொடுத்தது கையும் கவனமும். கல்லூரியில் நாலேகால் வரைக்கும் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. பி.இ. படிப்பின் பாதி வேலை அந்த நாலேகாலுக்குப் பிறகுதான் நடக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்த பையன்கள் ஹாஸ்டலில் ஒருவரை ஒருவர் பார்த்து எப்படியோ பழகிக்கொள்கிறார்கள். உங்களுக்கு அதுவும் இல்லை.

சரி, அரை மணி நேரத்தில் எழுந்துவிடுகிறேன் என்கிறீர்களே, அதற்கு வருவோம். கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான்.

மற்ற பாடங்களில் ஐம்பதை ஒட்டி வாங்குகிறீர்கள். கணக்கில் மட்டும் 19. உங்கள் நேரப் பிரச்சினையின் பெரும்பகுதி இந்த ஒரு பாடத்துக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். மூன்றாம் செமஸ்டரில் நேராக வந்து சேர்ந்தவர் நீங்கள். முதலாண்டுக் கணக்கை நீங்கள் படிக்கவில்லை, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கவில்லை. பாலிடெக்னிக்கில் படித்த தொகையீடு (இன்டகிரேஷன்) ஏழெட்டு வருடப் பழசு. வந்ததும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு, ஃபூரியர் தொடர், இசட் டிரான்ஸ்ஃபார்ம் என்று ஐந்து யூனிட் எதிரே நிற்கின்றன. புத்தகத்தைத் திறந்தால் முதல் கணக்கின் மூன்றாவது வரியில், “தொகையிட” என்று போட்டுவிட்டுப் புத்தகம் எழுதியவர் நேராக விடைக்குப் போய்விடுகிறார். அந்த இரண்டு வரிக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. அந்த இடத்தில் மனிதன் என்ன செய்வான்? தண்ணீர் குடிக்க எழுந்து போவான், போனை எடுப்பான். இல்லையென்றால், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை எடுத்துச் செய்ய ஆரம்பித்துவிடுவான்.

ரெக்கார்டை ஒழுங்காக எழுதிவிடுகிறேன் என்கிறீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம். கம்பெனியிலிருந்து வந்த மாணவர்களின் ரெக்கார்டைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். லேத் படம் அளவெடுத்துப் போட்டிருக்கும், அட்டவணைக்கு ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு இழுத்திருக்கும், ஒரு பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். தெரிந்த வேலையில் கை ஓடும்போது மனசுக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிம்மதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு கணக்கைத் தள்ளிப்போடுகிறீர்கள். ரெக்கார்டை லேப் முடிந்த அன்றே நாற்பது நிமிடத்துக்குள் எழுதி முடியுங்கள். இரட்டைக் கோடு வேண்டாம்.

கணக்கைப் பொறுத்தவரை பின்னால் போய்த்தான் முன்னால் வர முடியும். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகம், இரண்டாம் தொகுதி, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழிலும் இருக்கிறது. அதில் தொகை நுண்கணிதம் என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. அதில் பெர்னோலி சூத்திரம் என்று ஒன்று வரும். ஃபூரியர் தொடர் யூனிட்டில் பாதிக்கு மேற்பட்ட கணக்கு அதை நம்பித்தான் ஓடுகிறது. எக்ஸ் ஸ்கொயர் பெருக்கல் காஸ் என்எக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் ஸ்கொயரை இடப்பக்கம் எழுதி, கீழே கீழே வகையிட்டுக்கொண்டே வாருங்கள்: இரண்டு எக்ஸ், இரண்டு, சைபர். காஸ் என்எக்ஸை வலப்பக்கம் எழுதி, கீழே கீழே தொகையிட்டுக்கொண்டே வாருங்கள். இடப்பக்க முதல் வரியை வலப்பக்க இரண்டாம் வரியோடு, இரண்டாம் வரியை மூன்றாம் வரியோடு என்று சாய்வாகக் கோடு போட்டுப் பெருக்கி, பிளஸ், மைனஸ், பிளஸ் என்று குறி மாற்றினால் முடிந்தது. அப்புறம் இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: என் (n) முழு எண்ணாக இருந்தால் சைன் என்பை (sin nπ) எப்போதும் சைபர். காஸ் என்பை, என் ஒற்றைப்படை என்றால் மைனஸ் ஒன்று, இரட்டைப்படை என்றால் பிளஸ் ஒன்று. புத்தகத்தில் விட்டுப்போன அந்த இரண்டு வரி இதுதான். இதைப் பத்து நாள், நாளுக்கு நாலு கணக்கு வீதம் போட்டால் கை பழகிவிடும். பத்தாவது நாள் ஃபூரியர் யூனிட்டைத் திறந்து பாருங்கள், முன்பு ஓடவைத்த பக்கம் இப்போது உட்காரவைக்கும்.

யூனிட்டின் வரிசையும் முக்கியம். பாடத்திட்டத்தில் முதலில் பகுதி வகைக்கெழு இருக்கிறது. நீங்கள் ஃபூரியர் தொடரில் தொடங்குங்கள். அது வந்தால், மூன்றாம் யூனிட்டில் அலைச் சமன்பாடும் வெப்பச் சமன்பாடும் பாதி வந்த மாதிரி, ஏனென்றால் அங்கே கடைசியில் அரைவீச்சு சைன் தொடர்தான் போட வேண்டியிருக்கிறது. அடுத்து இசட் டிரான்ஸ்ஃபார்ம், அது தனியாகவே நிற்கும், பகுதிப் பின்னம் பிரிக்கத் தெரிந்தால் போதும். “மூணு யூனிட் போதும், பாஸ்” என்று சீனியர்கள் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். யூனிட்டுக்கு இரண்டு மார்க் கேள்வி இரண்டு, 16 மார்க் கேள்வி ஒன்று. மூன்று யூனிட்டும் ஒரு தப்பு இல்லாமல் எழுதினால் 60. செமஸ்டர் தேர்வில் மட்டும் குறைந்தது 45 சதவீதம் வேண்டும், இன்டர்னலின் 40ஐயும் தேர்வின் 60ஐயும் கூட்டி 50 வர வேண்டும். இன்டர்னலில் ஏற்கனவே பின்தங்கிய உங்களுக்குப் பதினைந்து மார்க் இடைவெளி போதாது. நான்காவது யூனிட்டையும் பாதியாவது தொட வேண்டும்.

இனி, உட்காரும் நேரத்துக்கு வருகிறேன். இதற்கு உங்கள் தொழிலிலேயே வழி இருக்கிறது.

சி.என்.சி.யில் ஜாப் மாற்றும்போது எவ்வளவு நேரம் வீணாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜா (ஜாப்பைப் பிடிக்கும் தாடை) மாற்றி, டூல் மாற்றி, ஆஃப்செட் எடுத்து, முதல் பீஸ் போட்டு இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பி, ஓ.கே. வாங்குவதற்குள் லைன் லீடர் மூன்று முறை வந்துவிட்டுப் போவார். ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் இதைப் பற்றியே வாழ்நாளெல்லாம் யோசித்தவர். 1969இல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றில் டை (அச்சு) மாற்ற நாலு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அவர் கைவைத்த பிறகு அது ஒன்றரை மணி நேரமானது, அதற்கப்புறம் மூன்று நிமிடமாக இறங்கியது. அவர் செய்த முக்கியமான காரியம் எளிமையானது. மெஷின் நின்றால்தான் செய்ய முடிந்த வேலை எது, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துவைக்கக்கூடிய வேலை எது என்று இரண்டாகப் பிரித்தார். இரண்டாவது வகையை எல்லாம் முன்கூட்டியே முடித்துவைத்தார்.

உங்கள் படிப்பு மேஜையில் என்ன நடக்கிறது? ஆறரைக்கு உட்கார்ந்து, இன்று எதைப் படிக்கலாம் என்று யோசிக்கிறீர்கள். நோட்டைத் தேடுகிறீர்கள். வகுப்பில் எடுத்த போட்டோவைப் பார்க்கப் போனைத் திறக்கிறீர்கள், அங்கே ஐந்து மெசேஜ் கிடக்கிறது. சிலபஸ் பார்க்கிறீர்கள். முதல் கணக்கைத் தொடும்போது ஏழு மணி. மெஷினை நிறுத்திவைத்துவிட்டு டூல் தேடப் போன கதைதான். ஆகவே, இன்று இரவு எழுந்திருக்கும் முன் கடைசிப் பத்து நிமிடத்தை நாளைக்காக எடுத்துவையுங்கள். நாளைக்குப் போட வேண்டிய நாலு கணக்கை ஒரு தாளில் எழுதி, முதல் கணக்கின் முதல் வரியையும் எழுதி, அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே மேஜையில் வைத்துவிட்டுப் படுங்கள். போட்டோக்களைக் கல்லூரியிலேயே ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து நோட்டில் ஒட்டிவிடுங்கள். போனை கம்பெனி லாக்கர் மாதிரி வேறு அறையில் அலமாரிக்குள் வையுங்கள். நாளை ஆறரைக்கு உட்கார்ந்தால் உங்கள் வேலை இரண்டாவது வரியை எழுதுவதுதான்.

ஆறரை என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. துவாக்குடி பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறை ஒன்றில் வெல்டராக ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்த மாணவர் ஒருவர் என்னிடம் படித்தார். அவருக்கும் இதே பிரச்சினை, வீட்டில் எல்லாரும் வேலை சொல்கிறார்கள் என்று. நான் அவரிடம் கேட்டேன்: “பட்டறையில் இருந்தபோது அம்மா உங்களைக் கூப்பிட்டு ரேஷன் வாங்கிட்டு வரச் சொன்னாங்களா?” “இல்ல சார், ஷிப்ட்ல இருந்தா கூப்பிடவே மாட்டாங்க.” அதைத்தான் செய்யச் சொன்னேன். அன்று மாலையே அவர் அம்மாவிடம் போய், “அம்மா, எனக்கு ஆறரையிலிருந்து ஒன்பது வரைக்கும் ஷிப்ட்” என்று சொல்லியிருக்கிறார். படிக்கிறேன் என்று சொன்னபோது நடுவில் கூப்பிட்ட அதே அம்மா, ஷிப்ட் என்றதும் ஆறேகாலுக்கே டீ போட்டுக் கொடுத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் வாசலிலேயே நிறுத்திவிட்டாராம். மகன் ஷிப்டுக்குப் போனால் வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஐந்து வருடப் பழக்கம். உங்கள் அம்மாவுக்கு ஆறரை வருடப் பழக்கம். அவர் உங்கள் படிப்பை மதிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். மகன் வெளிச்சத்திலேயே வீட்டுக்கு வந்துவிட்டான், நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பார்ப்பதற்கு அது வேலை மாதிரி தெரியவில்லை. அவ்வளவுதான். ரேஷன், கேஸ், பாங்க் வேலையெல்லாம் ஐந்தரையிலிருந்து ஆறேகாலுக்குள், இல்லாவிட்டால் சனிக்கிழமை மாலை என்று நீங்களே ஒரு நேரம் கொடுத்துவிட்டால் அம்மாவுக்கும் மனக்குறை இருக்காது.

இரண்டரை மணி நேரத்தில் முதல் ஒரு மணி நேரம் கணக்கு. எல்லா நாளும். மிச்சத்தில் அன்றைய வகுப்பில் நடந்த இரண்டு பாடம். இதற்கு மேல் மணிக்கு மணி கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்ட வேண்டாம். கலர் கலராக அட்டவணை போட்டவர்கள் இரண்டாவது வாரமே அதைக் கிழித்துப் போட்டதைத்தான் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் நாம் எல்லாருமே வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்துத்தான் நினைக்கிறோம். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தடங்கலாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். நிஜத்தில் ஆனது 55 நாளுக்கும் மேல். ஆகவே ஓர் அசைன்மென்ட் இரண்டு மணி நேர வேலை என்று தோன்றினால் மூன்றரை என்று போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஷிப்ட் தவறிவிட்டால் மறுநாள் ஐந்து மணி நேரம் உட்காரவும் வேண்டாம். கரண்ட் போன நாளின் டார்கெட்டை மறுநாள் ஷிப்டின் தலையில் ஏற்றினால் ரிஜெக்‌ஷன்தான் ஏறும், உங்களுக்கே தெரியும்.

பஸ் நேரத்தைப் பற்றி ஒன்று. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அதில் புத்தகத்தைத் திறந்து படிக்க வேண்டாம், கண் வலிக்கும். காலையில் ஒரு துண்டுத் தாளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நேற்றிரவு படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதுங்கள். தெர்மோடைனமிக்ஸ் என்றால் நிலையான ஓட்டத்துக்கான ஆற்றல் சமன்பாட்டை எழுதி, டர்பைனுக்கு எந்த உறுப்பு போகும், நாசிலுக்கு எது போகும் என்று அடித்துப் பாருங்கள். வராத இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு, இறங்கியதும் நோட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். திரும்பப் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மட்டும் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். தேர்வுக்கு முன்தினம் புரட்டும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும், ஹாலில் ஒன்றும் வராமல் போவதும் இதனால்தான். மாலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது என்று நினைக்கிறேன். அப்போது சும்மா நின்று வாருங்கள். மனசுக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டும்.

அடுத்து பணம். வீட்டில் கை நீட்டக் கூச்சப்பட்டுத்தான் பட்டறைக்குப் போகிறீர்கள் என்று புரிகிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் வாரம் ஏழு நாளும் வேலை என்று ஓடினால் திங்கட்கிழமை விழத்தான் செய்யும். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வே எழுத முடியாமல் போகும். அதற்குக் கீழே 65 வரை மருத்துவக் காரணம் போன்றவற்றுக்குத்தான் சலுகை உண்டு, பட்டறைக்குப் போனதற்குக் கிடையாது. இன்றே வகுப்பு ஆசிரியரிடம் போய்ப் பாடவாரியாக உங்கள் சதவீதத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், சனிக்கிழமை வேலையை இந்த செமஸ்டர் முடியும்வரை விட்டுவிடுங்கள். மாதம் நாலு சனிக்கிழமைக்கு 2,800 ரூபாய் போகும். சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஒரு கணக்கும் இருக்கிறது: அரியரால் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனால், உங்கள் பழைய சம்பளத்திலேயே பார்த்தாலும் 1,32,000 ரூபாய் போகிறது. பட்டறை முதலாளியிடம் நேரில் பேசுங்கள். செமஸ்டர் விடுமுறையில் மாதம் முழுக்க வருகிறேன், இப்போது ஞாயிறு மட்டும் என்றால், மெஷின் தெரிந்த ஆளை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். விடுமுறை வேலையில் அந்தப் பணத்தில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். சனிக்கிழமை காலை நாலு மணி நேரம் உட்காருங்கள். அந்த வாரம் பஸ் தாளில் வட்டம் போட்ட இடங்களைத் தீர்ப்பதுதான் அன்றைய வேலை.

தூக்கம் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, நானாகவே கேட்கிறேன். ஆறரை வருடம் ஷிப்ட் மாறி மாறிப் பார்த்த உடம்புக்கு இரவு பதினொன்றுக்குத் தூக்கம் வராது. படுக்கும் நேரத்தோடு சண்டை போடாதீர்கள். எழுந்திருக்கும் நேரத்தை மட்டும் ஞாயிறு உட்பட ஒரே மாதிரி வையுங்கள். கொஞ்ச வாரத்தில் உடம்பு தானாக வழிக்கு வரும்.

கூடப் படிக்கும் தம்பிகள் அண்ணா என்று கூப்பிடுவதை எழுதியிருந்தீர்கள். அது உங்களைக் கொஞ்சம் உறுத்துகிறது என்று தெரிகிறது. 19 வயதுப் பையனிடம் போய், “இந்தத் தொகையீடு எப்படி வந்தது?” என்று கேட்க 26 வயது மனசு தயங்கும். தயங்காமல் கேட்க ஒரு வழி இருக்கிறது. லேத் முன்னால் அந்தப் பையன்களுக்குச் சக்கில் ஜாப்பைச் சென்டர் பண்ணக்கூட வராது. நீங்கள் சொல்லிக்கொடுங்கள். ஆனால் அவர்களுடைய ஜாப்பை வாங்கி நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள், அது அவர்களுக்கும் நல்லதில்லை, உங்கள் நேரமும் அங்கேயே கரையும். முதலாண்டுக் கணக்கை நன்றாகப் படித்த ஒரே ஒரு பையனைப் பார்த்து, வாரம் இரண்டு நாள் மதிய இடைவேளையில் இருபது நிமிடம் கணக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த பருவத்தில் வரும் உற்பத்தித் தொழில்நுட்பப் பாடத்தில் சி.என்.சி. மெஷினும் புரோகிராமும் இருக்கின்றன. அப்போது அந்தப் பையன் உங்கள் பக்கத்தில் வந்து உட்காருவான். கொடுக்கல் வாங்கல் இருக்கும் இடத்தில் வயது குறுக்கே நிற்பதில்லை.

கணக்கு ஆசிரியரையும் போய்ப் பாருங்கள். வெறுங்கையோடு போய், “சார், கணக்கு வரல” என்றால் அவரால் எதுவும் செய்ய முடியாது. நீங்கள் போட்டுப் பார்த்து நின்றுபோன கணக்கோடு போய், “இந்த வரி வரைக்கும் வந்தேன், இதற்கு மேல் தெரியவில்லை” என்று காட்டுங்கள். எந்த ஆசிரியரும் அந்த மாணவனைத் திருப்பி அனுப்ப மாட்டார். இதை ஆசிரியராக இருந்துதான் சொல்கிறேன்.

“எம்-3 அரியர் வெச்சுட்டு அப்புறம் பார்த்துக்கலாம்” என்று, மூன்றாம் செமஸ்டர் கணக்கைப் பற்றிச் சிலர் சொல்லக்கூடும். ஓர் அரியரால் யாருடைய வாழ்க்கையும் கெட்டுப்போவதில்லை. முயன்றும் வந்துவிட்டால் எழுதி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் முதலிலேயே வைப்பது என்று முடிவு செய்துவிட்டுப் படிக்காதீர்கள். நாலாம் செமஸ்டரில் வரும் வெப்பப் பொறியியல் இந்த செமஸ்டர் தெர்மோடைனமிக்ஸ் மேல் ஏறி நிற்கிறது. அந்த நேரத்தில் பழைய கணக்கையும் சுமந்துகொண்டு இரண்டையும் பார்க்க, இப்போது இருக்கும் 28 மணி நேரம்கூட உங்களிடம் இருக்காது.

வேலையை விட்டது தப்பா என்று கேட்டீர்கள். ஒரு இன்டர்னல் மார்க்கை வைத்து அதை நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்லக் கூடாது. இந்தப் படிப்பு மூன்று வருடம், ஆறு செமஸ்டர். முதல் இரண்டின் ரிசல்ட் வந்த பிறகு, கையிருப்புப் பணத்தையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்து யோசியுங்கள். அப்போதும் கணக்கு 19லேயே நின்றால், திரும்ப வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேர பி.இ. மாலை வகுப்பில் சேர்வதைப் பற்றி யோசிக்கலாம். டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்காகவே கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் அது நடக்கிறது. அதையும் தோல்வி என்று யாரும் சொல்ல முடியாது.

லைன் லீடருக்கு ஒரு பதில் சொல்லிவிடுங்கள். அவர் உங்கள் மேல் இருக்கிற அக்கறையில்தான் கூப்பிடுகிறார். ஆனால் ஒவ்வொரு போன் வந்த பிறகும் அன்றைய மாலை முழுக்க அந்த லைனும், அந்தச் சம்பளமும், கேன்டீன் டீயும் மனசில் ஓடிக்கொண்டிருக்கும். “அண்ணா, இரண்டாவது செமஸ்டர் ரிசல்ட் வரும் வரைக்கும் இதைப் பற்றிப் பேச வேண்டாம். ரிசல்ட் வந்ததும் நானே கூப்பிடுகிறேன்” என்று சொல்லுங்கள். ஞாயிறு இரவு கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, திங்கட்கிழமைக்கான முதல் கணக்கின் முதல் வரியை எழுதிவைத்துவிட்டுப் படுங்கள். இரண்டாவது இன்டர்னல் கணக்குத் தாள் கையில் கிடைத்ததும், மார்க் எவ்வளவாக இருந்தாலும் சரி, நீங்கள் நின்றுபோன வரிகளைக் குறித்து எனக்கு எழுதுங்கள்.